90 நாளில் சர்க்கரை போய்விடும் என்று விற்கிறார்கள்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த 90 நாள் பேக்கேஜில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. முதலில் ஒரு இலவச வெபினார். 11-லிருந்து 6-க்கு இறங்கிய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டுகளை வரிசையாகக் காட்டுவார்கள். இன்று இரவு 12 மணி வரைதான் இந்த விலை என்று நெருக்குவார்கள். பணம் போனதும் ஒரு குழுவில் சேர்த்து, எல்லாருக்கும் பொதுவான டயட் சார்ட் ஒன்றை அனுப்புவார்கள். கூடவே ஒரு மாவு பாக்கெட், நரம்பு கேப்ஸ்யூல் டப்பா, சர்க்கரை அளவைக் காட்ட கையில் ஒட்டும் 14 நாள் சென்சார். வாரத்துக்கு ஒருமுறை ‘கோச்’ பேசுவார். விளம்பரத்தில் பேசிய டாக்டர் அதன்பிறகு லைனுக்கு வரமாட்டார்.

இங்கே பெயர் எதுவும் போடவில்லை. வேலை நடக்கும் விதம் தெரிந்தால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இந்த பேக்கேஜ்கள் நம்பியிருக்கும் மாவுச்சத்தைக் குறைப்பதும் விரதமும் பொய் இல்லை. அவை வேலை செய்வதால்தான் இவ்வளவு ஆபத்து. 2017-இல் முடிவு வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நாளுக்கு சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்து, பிறகு மெதுவாக வழக்கமான சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது; இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாகக் குறைந்தது. வெபினாரில் இந்த ஆய்வைக் காட்டுபவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்வதில்லை. அதில் இருந்த எல்லாருக்கும் சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள்தான். இன்சுலின் போடுபவர்கள் சேர்க்கப்படவில்லை. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் முதல் நாளே மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தப்பட்டன. பேக்கேஜில் விடுபடுவது இந்த மூன்றாவது வேலைதான். சாப்பாடு பாதியாகிறது, மாத்திரை அப்படியே போகிறது.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு ஆகிய மூன்று சர்க்கரை மாத்திரைகளும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்தெடுக்கும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு மதியம் வரை வெறும் தண்ணீரோடு இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். வியர்வை, கைநடுக்கம், பேச்சில் தடுமாற்றம் வரும். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் கொட்டும். அப்போது 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையாக வருகின்றன. வோக்ளிபோஸ் இருந்தால் வீட்டுச் சர்க்கரையோ வெல்லமோ உடனே ரத்தத்தில் ஏறாது. அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ்தான் வேண்டும். இதைச் சொல்லித்தரும் சார்ட் அபூர்வம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும் மருந்துகள் என்பதால், குளுக்கோஸ் குடித்துச் சரியானவருக்கு சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். வயதானவர், கிட்னி பலவீனமானவர் என்றால் எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறு வகை ஆபத்து. இவை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் மருந்துகள். இதோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தி நீண்ட விரதமும் இருந்தால், கொழுப்பு கரைந்து உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் சேர்ந்து ரத்தம் அமிலமாகிவிடலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டர் 160, 180 என்று சாதாரணமாகவே காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், தாங்கமுடியாத களைப்பு இருந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். எமர்ஜென்சிக்குப் போய், இந்த மாத்திரை எடுக்கிறேன், கீட்டோன் பாருங்கள் என்று சொல்லுங்கள். ரத்தக் கீட்டோன் 3-ஐத் தாண்டினால் அது உயிர்ப் பிரச்சினை. கோச் அதைக் ‘கீட்டோ ஃப்ளூ (மாவுச்சத்தை விட்டதால் வரும் தற்காலிகச் சோர்வு), உப்புத் தண்ணீர் குடிங்க’ என்று முடித்துவிடுவார்.

அடுத்தது கால் எரிச்சல். பலர் பணம் கட்டுவதே இதற்காகத்தான், மிக மோசமாக ஏமாறுவதும் இதில்தான்.

பல வருடம் 10, 11 என்று இருந்த ஹெச்பிஏ1சி மூன்று மாதத்தில் சடாரென்று இறங்கினால், அந்த இறக்கமே நரம்பு வலியைக் கிளப்பும். இன்சுலின் புழக்கத்துக்கு வந்து பத்தாண்டு சற்றே கடந்திருந்த 1933-லேயே, இதை மருத்துவர்கள் ‘இன்சுலின் நரம்பழற்சி’ என்று பதிவு செய்தார்கள். இன்சுலின்தான் வேண்டும் என்றில்லை. மாத்திரையாலோ கடும் பட்டினியாலோ இறங்கினாலும் வரும். சர்க்கரை இறங்கிய எட்டு வாரத்துக்குள் பாதம் தீயில் வைத்தது போல எரியும், போர்வை உரசினால்கூடத் தாங்காது, ராத்திரியில் தூக்கமே இருக்காது. எழுந்து நின்றால் தலை சுற்றுவதும் உண்டு. நரம்புச் சிகிச்சை மையத்துக்கு வந்தவர்களை வைத்து 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மூன்று மாதத்தில் 2 முதல் 3 புள்ளி இறங்கினால் இந்த வலி வர 20 சதவீத வாய்ப்பு என்றும், 4 புள்ளிக்கு மேல் இறங்கினால் 80 சதவீதத்துக்கும் மேல் என்றும் கணக்கிட்டது. வெபினாரில் பெருமையாகக் காட்டும் 11-லிருந்து 6 என்பது 5 புள்ளி.

இந்த வலி வந்தவரிடம் குழுவில் சொல்லப்படும் பதில், ‘நச்சு வெளியேறுகிறது, நரம்பு உயிர் பெறுகிறது, விரதத்தை 18 மணி நேரத்திலிருந்து 20 ஆக்குங்கள்’ என்பது. இதைவிடக் கொடுமையான ஆலோசனை இருக்க முடியாது. செய்ய வேண்டியது, சர்க்கரையை மேலும் விரட்டாமல் அப்படியே நிலையாக வைத்திருப்பது, பயந்துபோய்ப் பழையபடி சாப்பிட்டு ஏற்றாமல் இருப்பது, வலிக்கு டாக்டரிடம் மருந்து வாங்குவது. பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். ஆரம்பத்திலேயே மூன்று மாதத்துக்கு 2 புள்ளிக்குள் இறங்கும்படி திட்டமிட்டால் இதைத் தவிர்க்கலாம்: 11 இருந்தால் முதல் மூன்று மாதத்துக்கு 9-க்குச் சற்று மேலே போதும். விழித்திரை விஷயத்திலும் இதே வேகம் கெடுதல் செய்யும். ஏற்கெனவே விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவருக்கு சர்க்கரை திடீரென இறங்கினால் பார்வை மோசமாகலாம். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை, டயட் தொடங்குமுன் ஒருமுறை கட்டாயம்.

டப்பாவில் வரும் நரம்பு கேப்ஸ்யூலின் லேபிளில் பைரிடாக்சின் என்று இருக்கிறதா பாருங்கள். அது பி6. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே மரத்துப்போவதையும் எரிச்சலையும் உண்டாக்கும். டாக்டர் எழுதிய நரம்பு மாத்திரை, மல்டிவிட்டமின், இந்த கேப்ஸ்யூல் மூன்றிலும் பி6 இருப்பது சகஜம், கூட்டிப் பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவருக்கு பி12 குறைந்தும் இதே எரிச்சல் வரும். 200-க்குக் கீழே இருந்தால் குறைவு. 200-க்கும் 300-க்கும் நடுவில் இருந்தால் சந்தேகத்துக்கு உரியது. ஆனால் கேப்ஸ்யூல் சாப்பிட ஆரம்பித்தபின் டெஸ்ட் எடுத்தால் அளவு உயர்ந்து தெரியும், உண்மை புதைந்துவிடும். முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு மாத்திரை. நரம்பு வலிக்கு டாக்டர் தரும் பிரிகாபலினைத் ‘தூக்கிப் போடுங்கள்’ என்று கோச் சொன்னால் கேட்காதீர்கள். படிப்படியாகத்தான் விட வேண்டும். மரத்த காலைச் சுடுதண்ணீரில் வைப்பது, ஹாட் பேக், சூடு தரும் மசாஜர் எதுவும் கூடாது. சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்தபின்தான் தெரியும்.

மாவு பாக்கெட்டில் ‘சிறுதானியம், சர்க்கரை நோயாளிகளுக்கு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு மாவுச்சத்து எவ்வளவு என்ற வரியை மட்டும் படியுங்கள். பச்சரிசியில் சுமார் 78 கிராம். கேழ்வரகு, வரகு, சாமை மூன்றிலும் 65-லிருந்து 67 வரை. நார்ச்சத்து கூடுதல், அது நல்லது. ஆனால் குறைந்த மாவுச்சத்து உணவு என்று பெயர் வைக்க அதில் ஒன்றும் இல்லை. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான்.

சென்சார் கோடு தட்டையாக ஓடுவதைக் காட்டி ‘குணமாகிவிட்டது’ என்பார்கள். முட்டையும் பனீரும் மட்டும் சாப்பிட்ட நாளில் கோடு எங்கிருந்து ஏறும்? மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமான பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் அதற்குத் தணிவு நிலை என்று பெயர். 2021-இல் சர்வதேச நிபுணர்கள் சேர்ந்து வகுத்த அளவுகோல் இது.

ஒல்லியாக இருந்து இன்சுலின் போடுபவர்கள், டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கணையக் கல்லால் சர்க்கரை வந்தவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். கணையக் கல் சர்க்கரை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் புதிதல்ல. அவர்கள் இன்சுலினை நிறுத்தினால் உடல் உருகிப்போகும்.

பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள். என் மாத்திரைப் பட்டியலைப் பார்த்து எதை எந்த நாளில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பதிவு எண்ணோடு எழுதிக் கையெழுத்திடும் டாக்டர் யார்? ராத்திரி 3 மணிக்கு 54 காட்டினால் நான் யாரைக் கூப்பிடுவது? பதில் வராவிட்டால் கட்டாதீர்கள். உங்கள் வழக்கமான டாக்டரிடமே ‘மாவுச்சத்தைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை மாற்றித் தாருங்கள்’ என்று சொல்லலாம். முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், சில நாள் அதிகாலை 3 மணிக்கு என்று குத்திப் பார்த்து எழுதிவையுங்கள். பிரஷரையும் பாருங்கள், மாவுச்சத்து குறைந்தால் உப்பும் நீரும் வெளியேறி பிரஷர் இறங்கும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: மருந்தாலோ மந்திரத்தாலோ சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதலாம். பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இஎம்ஐ போட்டிருந்தால் அது பேக்கேஜ்காரர் பெயரில் இல்லை, உங்கள் பெயரில் உள்ள கடன். தவணையைச் சும்மா நிறுத்தினால் சிபில் கெடும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். ரீஃபண்ட் கேட்பதற்கு முன்பே குழுவின் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டுவையுங்கள். கேட்டபின் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். மீதி கேப்ஸ்யூலை எறியாமல், பேட்ச் எண் தெரியும்படி டப்பாவோடு எடுத்துவையுங்கள்.