பி.டி. பருத்தியா, கருங்கண்ணியா? ஒரு மானாவாரிக் கணக்கு

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது, போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான், ஆக முழுக்க வானம் பார்த்த பூமி. 2009 முதல் 2016 வரை அதில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி போட்டேன். 2017இல் பாதிக்குப் பாதி கருங்கண்ணி, அதாவது நாட்டுப் பருத்தி. அதற்குப் பிறகு கருங்கண்ணி மட்டும்தான். சொந்தக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் புரட்டாசி பிறந்தால் எதைப் போடலாம் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் கருங்கண்ணி பக்கம் சாய்ந்தவன், அதற்குத் தக்கபடி கழித்துக்கொண்டு படியுங்கள்.

மகசூலில் போட்டியே இல்லை, பி.டி.தான். நல்ல மழை பெய்த வருடத்தில் எனக்கு ஏக்கருக்கு ஐந்து, ஆறு குவிண்டால் வந்தது. கருங்கண்ணியில் மூன்று, மூன்றரை. நாலைத் தொட்டது ஒரே ஒரு வருடம். பி.டி. காய் பெரிது, எடுப்பதும் சுலபம். கருங்கண்ணிக் காய் கொட்டைப்பாக்குக்குச் சற்றுப் பெரிதாக இருந்தால் அதிகம். செலவு என்று பார்த்தால் உரம், பூச்சிமருந்து இரண்டிலும் கருங்கண்ணிக்குப் பாதிகூட ஆகாது. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

பி.டி.யைத் திட்டுகிறவர்கள் அது வருவதற்கு முந்தைய நிலைமையை மறந்துவிடுகிறார்கள். தொண்ணூறுகளில் அப்பா போட்டது வீரிய ஒட்டுப் பருத்தி, அதாவது இரண்டு வகையைக் கலந்து எடுத்த விதை, பி.டி. இல்லாதது. பச்சைக் காய்ப்புழு எந்த மருந்துக்கும் சாகவில்லை. பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை அடிப்பார். சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் சட்டையிலிருந்து அந்த நெடி போகாது. 2002 மார்ச்சில் பி.டி.க்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்ததால், செடியைத் தின்ற புழு குடல் கெட்டுச் சாகும். நான் போட்ட முதல் மூன்று வருடமும் காய்ப்புழுவுக்கென்று ஒரு தடவைகூட மருந்து அடிக்கவில்லை. காதேஜ், கைம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002 முதல் 2008 வரையிலான விவசாயிகளின் கணக்கை எடுத்துப் பார்த்து, பி.டி.யால் ஏக்கருக்கு 24 சதவீதம் மகசூல் கூடியது, லாபம் 50 சதவீதம் கூடியது என்று 2012இல் எழுதினார்கள். அந்த வருடங்களைப் பொறுத்தவரை நான் அதை நம்புகிறேன், கண்ணால் பார்த்தவன்.

ஆனால் கதை 2008இல் நிற்கவில்லை. 2002-03இல் நாட்டின் சராசரி, கொட்டை நீக்கிய பஞ்சாக, ஹெக்டேருக்கு 302 கிலோ. 2007-08இல் 554. அதுதான் உச்சம். சமீப வருடங்களில் 450 கிலோவைச் சுற்றியே உழன்றுகொண்டிருக்கிறது, இத்தனைக்கும் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கேசவ் கிராந்தியும் கிளென் ஸ்டோன் என்பவரும் 2020இல் எழுதிய கட்டுரையில், அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு உரத்துக்கும் பாசனத்துக்கும் மற்ற மருந்துகளுக்கும் உரியது என்று வாதிட்டார்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ முதல் வகை பி.டி.க்கு 2010வாக்கிலேயே குஜராத்தில் பழகிவிட்டது. இரண்டு மரபணு சேர்த்த அடுத்த வகைக்கும் சில வருடங்களில் பழகிக்கொண்டது. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ மாதிரி சாறு உறிஞ்சுகிறவைக்கு பி.டி. ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் செய்யாது. ஆக தெளிப்பான் மறுபடி தோளில் ஏறியது.

சரி, உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே? என் முடிவில் அதற்குப் பங்கே இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2016இல் பெரிய அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்து, மரபணு மாற்றிய பயிர்களைச் சாப்பிடுவதில் மற்றவற்றைவிடக் கூடுதல் ஆபத்து இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது. பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்ததும் நம் ஊரில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதே ஆட்கள் மதுரையில் சாயந்தரம் நின்று பருத்திப்பால் குடிக்கிறார்கள். அரைக்கிற கொட்டை பெரும்பாலும் எதுவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாட்டுக்கு ஆட்டி ஊற்றுவதும் அதுதான். நானும் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தரிக்காய்க்குக் கத்தி தீட்டுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசாததுதான் வேடிக்கை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: மறுவிதைப்பு. கருத்தரங்குகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் யாரும் இந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. மானாவாரிக்காரனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

எங்கள் பக்கம் பருவம் எப்படி என்றால், புரட்டாசி கடைசியில் ஒரு மழை விழும். ஏமாற்று மழையாகவும் இருக்கலாம், பருவமழையின் தொடக்கமாகவும் இருக்கலாம். விதைத்தவன் விதை முளைக்கும், பிறகு பதினைந்து நாள் சொட்டு விழாது, முளைத்தது கருகும். மறுபடி விதைக்க வேண்டும். சில வருடம் மூன்று தடவை.

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்த ஆண்டு. பி.டி. விதை 450 கிராம் பாக்கெட் 800 ரூபாய் என்று அந்த வருடம் அரசு விலை வைத்திருந்தது. ஏக்கருக்கு இரண்டு பாக்கெட், ஐந்து ஏக்கருக்குப் பத்து, 8,000 ரூபாய். கருகியது. உரக்கடையில் கடன் சொல்லி இன்னொரு 8,000க்கு வாங்கினேன். அதுவும் கருகியது. எனக்குப் பக்கத்து நிலம் பெரியப்பாவுடையது. அவர் கருங்கண்ணி. ஏக்கருக்கு எட்டுக் கிலோ கொட்டை, வீட்டுச் சாக்கிலிருந்து. சாணிக் கரைசலில் புரட்டிக் காயவைத்து விதைத்தார். கருகியது. இன்னொரு தடவை சாக்கை அவிழ்த்தார். "போனா மாட்டுத் தீவனம் போச்சு, அவ்வளவுதானப்பா" என்றார். அந்த வருடம் அவரும் ஒன்றும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவருக்கு மாட்டுத் தீவனம் குறைந்தது. எனக்கு உரக்கடையில் 16,000 ரூபாயும் வட்டியும் நின்றது.

இது பணத்தோடு முடிவதில்லை. விதை விலை கூடினால் விதைக்கிற நாளே மாறிவிடுகிறது. கையில் சொந்த விதை இருப்பவன் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் துணிந்து போட்டுவிடுவான். முதல் மழை அவன் விதைக்குத்தான். 8,000 ரூபாயைப் புழுதியில் போட யாருக்கு மனசு வரும்? நல்ல ஈரம் பார்த்துப் போடலாம் என்று காத்திருப்போம். கரிசல் நனைந்துவிட்டால் நாலு நாள், ஐந்து நாள் கால் வைக்க முடியாது, டயரில் அப்பிக்கொள்ளும். காய்ந்து பதமானதும் ஊரே ஒரே நேரத்தில் டிராக்டரைத் தேடும். கடையில் போய்க் கேட்டால், "அந்தப் பாக்கெட் தீந்துபோச்சு அண்ணாச்சி, இந்தப் பேரு இருக்கு, இதுவும் நல்லாப் போகும்" என்பார்கள். ஒரு வருடம் அப்படி வாங்கிய விதை பாதி முளைக்கவில்லை. ஆக விதைப்பு பத்து நாள், பன்னிரண்டு நாள் தள்ளிப்போகும். டிசம்பரோடு மழை முடிகிற ஊரில் அந்தப் பத்து நாள்தான் கடைசிக் காய்கள். பி.டி.யின் கூடுதல் மகசூல் என்று காகிதத்தில் இருப்பதில் ஒரு பங்கு இங்கேயே கழிந்துபோகிறது. எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல என்னிடம் கருவி இல்லை. என் நிலத்தில் இடைவெளி விழுந்த சால்களை எண்ணியதை வைத்துச் சொல்கிறேன்.

இதில் மரபணுவின் மேல் குற்றம் இல்லை. "மலட்டு விதை, எடுத்து வைத்தால் முளைக்காது" என்று பலர் சொல்வது தவறு. முளைக்கும், நானே போட்டுப் பார்த்தேன். ஆனால் நம் நாட்டில் பி.டி. கிட்டத்தட்ட முழுக்க வீரிய ஒட்டாக விற்கப்படுகிறது. ஒட்டுச் செடியின் கொட்டையைப் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று பூக்கும், ஒன்று பூக்காது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே மரபணுவை ரகங்களில்தான், அதாவது கொட்டையை எடுத்து விதைத்தால் தாய்ச்செடி மாதிரியே வருகிறவற்றில்தான், வைத்திருக்கிறார்கள். ஒட்டில் இன்னொரு வினையும் உண்டு. ஒட்டுச் செடியின் காய்க்குள் இருக்கிற கொட்டைகளில் நாலில் ஒன்றுக்கு அந்த மரபணு இறங்காது. இளஞ்சிவப்புப் புழு கொட்டையைத் தின்று வளர்கிற புழு. விஷம் உள்ளதும் இல்லாததும் கலந்து தின்று அது தேறிக்கொண்டதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ரகத்தில் இந்தச் சிக்கல் வராது.

பொதுத்துறையில் முயற்சி நடக்காமல் இல்லை. பிகானேரி நர்மா என்ற ரகத்தில் பி.டி. மரபணுவைச் சேர்த்து 2008இல் வெளியிட்டார்கள், எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம் என்று சொல்லித்தான். அதில் தனியார் கம்பெனியின் மரபணு கலந்திருப்பது தெரிந்து அடுத்த வருடமே விற்பனை நின்றது. பிறகும் சில பி.டி. ரகங்கள் வந்தன, எங்கள் பக்கத்து உரக்கடையில் ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. மானாவாரிக்கு ஏற்ற பி.டி. ரகம் ஒன்று, சாக்கில் எடுத்து வைக்கிற மாதிரி கிடைத்தால் அடுத்த புரட்டாசியிலேயே ஒரு ஏக்கர் போட்டுப் பார்ப்பேன்.

கருங்கண்ணிக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. சுற்றிலும் பி.டி. நின்றாலும் அதன் மகரந்தம் இதைக் கெடுக்காது. பி.டி. அமெரிக்கப் பருத்தி இனம், 52 குரோமோசோம். கருங்கண்ணி நாட்டு இனம், 26. வயலில் இரண்டும் கூடி விதை கட்டாது. விதை கலப்பது பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ஜின்னிங் ஆலையில்தான். முந்தைய ஆள் அரைத்த கொட்டை மெஷினில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் விதைக்கானதை வீட்டில் தனியாகக் கொட்டை எடுக்கிறோம். அதையும் மீறிக் கலந்தால் இலை காட்டிக்கொடுத்துவிடும்: கருங்கண்ணி இலை விரல் விரலாகப் பிரிந்திருக்கும், பூவும் மஞ்சளில் அடிப்பக்கம் சிவந்திருக்கும். அகன்ற இலையைக் கண்டால் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

கருங்கண்ணி கழுத்தை அறுக்கிற இடங்களும் உண்டு. முதலாவது எடுப்புக் கூலி. சின்னக் காய், ஒரு ஆள் நாள் முழுக்க எடுத்தாலும் பி.டி.யில் எடுப்பதில் பாதிதான் தேறும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் ஆட்கள் பி.டி. காட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெடித்த காயில் பருத்தி நிற்காது, நாலு நாள் விட்டால் தரையில் கிடக்கும், சருகு ஒட்டும். நானும் வீட்டுக்காரியும் மதினியும் விடியற்காலையில் இறங்கித்தான் பாதியை எடுக்கிறோம். அந்த உழைப்புக்குக் கூலி போட்டால் என் கணக்கு இவ்வளவு அழகாக இருக்காது.

இரண்டாவது விற்பனை. இழை நீளம் பெரும்பாலும் 25 மில்லிமீட்டரைத் தாண்டாது. நூற்பாலைகள் கேட்பது 28, 30. 2024-25க்கு அரசு வைத்த ஆதரவு விலை நடுத்தர இழைக்குக் குவிண்டாலுக்கு 7,121 ரூபாய், நீள இழைக்கு 7,521. கமிஷன் கடையில் கருங்கண்ணியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுளித்துவிட்டு அதற்கெல்லாம் கீழே ஒரு விலை சொல்வார்கள். கைத்தறிக்கு நூற்கிறவர்கள், இயற்கைப் பருத்தி தேடுகிறவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். இயற்கை வேளாண்மைச் சான்றுக்கு மரபணு மாற்றிய விதை ஆகாது என்பதால் அவர்களுக்கு நாம் வேண்டும். ஆனால் அவர்கள் வருடம் தவறாமல் வருவார்கள் என்று உத்தரவாதம் இல்லை. அந்த மாதிரி ஒரு ஆளைப் பிடிக்காமல் ஐந்து ஏக்கரும் கருங்கண்ணி போடாதீர்கள். ஒரு ஏக்கரில் தொடங்குங்கள், நடுவில் உளுந்து ஊடுபயிர் விடுங்கள், பருத்தி காலை வாரினாலும் உளுந்து கைகொடுக்கும்.

இறவை நிலம் உள்ளவர்கள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் இருந்தால் மறுவிதைப்பு என்கிற பேச்சே இல்லை, என் வாதத்தின் முதுகெலும்பு அங்கே போய்விடுகிறது. நான் இறவையில் ஒரு சென்ட்கூடப் பருத்தி போட்டதில்லை. என் மைத்துனர் கிணற்றுப் பாசனத்தில் பி.டி. போடுகிறார், நன்றாகவே எடுக்கிறார், அவரை மாறச் சொல்ல எனக்கு வாய் வராது. அதேபோல, மறுவிதைப்பு எல்லா அடியையும் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18இல் தெற்கு மாவட்டங்களில் கொட்டியதே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், அந்த மழையில் எங்கள் தாழ்வான ஒன்றரை ஏக்கர் வாரக்கணக்கில் குளமாக நின்றது. கருங்கண்ணி அழுகியது, பக்கத்தில் நின்ற பி.டி.யும் அழுகியது. மார்கழியில் சாக்கை அவிழ்த்து என்ன செய்ய?

விதை வேண்டும் என்கிறவர்கள் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 1901இல் தொடங்கிய இடம், கே 11 மாதிரியான கருங்கண்ணி ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். அல்லது தொடர்ந்து போடுகிற விவசாயியிடம், மாசி பங்குனியில் காட்டை நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாக்கில் பார்த்து வாங்காதீர்கள்.

எனக்கு இந்த வருடம் பதினாலு குவிண்டால் வந்தது. பத்து போய்விட்டது. மீதி நாலு தாழ்வாரத்தில் கிடக்கிறது. வாங்குகிறவர் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று இரண்டு வெள்ளிக்கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.