பள்ளித் தோட்டத்தில் வேர்ப் பெட்டி: மூன்று ஆண்டு அனுபவம்

பள்ளித் தோட்டத்தில் வேர் பார்க்கும் பெட்டி, அதாவது மண்ணுக்குள் வேர் வளர்வது முன்பலகை வழியே தெரியும் பெட்டி, வைப்பது பயனுள்ளதா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கட்டாயம் வையுங்கள். ஆனால் கண்ணாடிக்குக் காட்டும் அக்கறையை, அதை மூடும் திரைக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காட்டுங்கள். திருச்சி பக்கம் எங்கள் நடுநிலைப் பள்ளியில் இது மூன்றாவது ஆண்டாக ஓடுகிறது.

பெட்டியின் உயிரே சாய்வுதான். முன்பலகை செங்குத்தாக நின்றால் ஒன்றிரண்டு வேர்தான் கண்ணில் படும். மேல் விளிம்பு வெளியே தள்ளியும் கீழ் விளிம்பு உள்ளே வாங்கியும் இருக்க வேண்டும். வேர் நேர்கீழாக இறங்கப் பார்க்கும். சாய்ந்த பலகை குறுக்கே வரும்போது அதை ஒட்டியே போகும். எங்களுடையது 3 அடி நீளம், 2 அடி உயரம். மேலே 12 அங்குல அகலம், அடியில் 6. ஏறக்குறைய 15 டிகிரி சாய்வு வரும். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் 1870களிலேயே கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டிகளில்தான் வேர் வளர்ச்சியை ஆராய்ந்தார்.

சின்னப் பிள்ளைகள் புழங்கும் இடம் என்பதால் கண்ணாடி வேண்டாம் என்று, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தகடான அக்ரிலிக்கை 6 மி.மீ. கனத்தில் போட்டோம். 3 மி.மீ. போதும் என்று கடையில் சொல்வார்கள். ஈரமண் தள்ளுகிற தள்ளில் அது நடுவில் புடைத்துவிடும், புடைத்த இடத்தில் மண் விலகி இருட்டாகத் தெரியும். 6 மி.மீ. போட்டாலும் நடுவில் ஒரு அலுமினியப் பட்டை கொடுத்துவிடுங்கள். அக்ரிலிக் வெயிலில் நீளும், ஆகவே துளை திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். எங்கள் ஆசாரி இதைச் சொல்லாமலே செய்தார். மற்ற பக்கங்களுக்கு முதலில் பிளைவுட். இரண்டாவது மழைக்காலத்தில் ஓரம் உப்பியது, கரையானும் ஏறியது. இப்போது சிமென்ட் போர்டு, தொல்லையில்லை. பெட்டியை வைக்கும் இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மண் நிரம்பினால் 150 கிலோவுக்குக் குறையாது.

அக்ரிலிக் பக்கத்தை வடக்கு பார்த்து வைத்தால் அதில் வெயில் படாது என்பார்கள். நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் மர நிழல் இல்லாமல் தாக்குப்பிடிக்காது.

மூடுதிரைக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரின் கறுப்புப் பக்கத்தை உள்ளே வைத்து, அதன் மேல் தெர்மகோல் ஒட்டியிருக்கிறோம். வெளிச்சம் பட்டால் வேர் அக்ரிலிக்கை விட்டு உள்ளே திரும்பிக்கொள்ளும், ஈரமான உள்பக்கத்தில் பச்சைப் பாசியும் படரும். பார்க்கும் நேரம் மட்டும் திரையைத் தூக்க வேண்டும், பார்த்ததும் இறக்க வேண்டும்.

செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, எல்லாம் சலித்தது. களிமண் வேண்டாம், அக்ரிலிக்கில் பூசிக்கொண்டு எதையும் காட்டாது. நிரப்பி ஒரு வாரம் தண்ணீர் விட்டால் மண் இறங்கும். மறுபடி நிரப்பிய பிறகு, அக்ரிலிக்கிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி விதை ஊன்றுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு ஆணிவேர், சல்லிவேர் காட்டத்தான் செய்தோம். ஒரு பக்கம் மக்காச்சோளம், மறுபக்கம் தட்டைப்பயறு போட்டால் அது சில வாரங்களில் முடிந்துவிடும். தட்டைப்பயறு வேரில் முடிச்சுகள் உருவாவதும் தெரியும். செடியைப் பிடுங்கி ஒரு முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பாக்டீரியா பிடித்து வைக்கும் இடம் அது.

நான் எதிர்பாராத பாடம் தண்ணீரில் கிடைத்தது. பிள்ளைகள் தினமும் ஆளுக்கொரு மக் ஊற்றுவார்கள், மேல்மண் கறுத்து நனைந்திருக்கும். திரையைத் தூக்கினால் ஈரம் மூன்று நான்கு விரல்கடைக்கு மேல் இறங்கவில்லை. கீழே மண் வெளிறிக் கிடக்க, சோளத்தின் வேர் முழுக்க அந்த ஈரப்பட்டைக்குள்ளேயே பின்னிக்கிடந்தது. பிறகு நாலைந்து நாளுக்கு ஒருமுறை, அடித்துளையில் சொட்டும் வரை ஊற்றினோம். வேர் அடிப்பலகையைத் தொட்டது. இப்போது கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விடும்போதுகூட, குச்சியைக் குத்தி ஈரம் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். இந்த ஒன்றுக்காகவே பெட்டிக்குப் போட்ட பணம் தகும்.

ஒரே ஒரு பயிர்தான் போடலாம் என்றால் நிலக்கடலை போடுங்கள். ஆடிப்பட்டத்தில், பலகையை ஒட்டியே. பூ வாடிய ஒரு வாரத்தில் அதன் அடியிலிருந்து விழுது கீழ்நோக்கி நீளும், ஊதா ஓடிய பச்சைக் குச்சி போல. மண்ணுக்குள் புகுந்ததும் வெளுத்து, நுனி படுக்கைவாட்டில் திரும்பிப் பருக்கத் தொடங்கும். அது காயாவதற்கு இருட்டு வேண்டும், திரை இங்கே இன்னும் முக்கியம். “விழுது இறங்குதுன்னு எங்கப்பா சொல்வாரே, அது இதுதானா டீச்சர்?” என்று கேட்டாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவர்கள் வீட்டில் ஆண்டுதோறும் கடலை போடுகிறார்கள். மண்ணுக்குள் போன விழுது காயாவதை அன்றுதான் அவள் பார்க்கிறாள்.

முள்ளங்கி இந்தப் பெட்டியில் சுமார்தான், கிழங்கு உள்பக்கமே பருக்கிறது.

வேர்நுனியைத் தேதி போட்டுக் குறிக்க விரும்புவார்கள். அக்ரிலிக்கின் மேலேயே மார்க்கரால் எழுத விடாதீர்கள். அழிக்க ஸ்பிரிட் போட்டால் மயிரிழை விரிசல் விழும். ஓஎச்பி தாளை (ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாள்) மேலே ஒட்டி அதில் வரையச் சொல்லுங்கள். பருவம் முடிந்ததும் கழற்றி வைத்துக்கொண்டால், போன ஆண்டுச் சோளத்தையும் இந்த ஆண்டுச் சோளத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம்.

அக்ரிலிக்கின் உள்பக்கம் மணல் உரசி இப்போது மங்கிவிட்டது. ஏப்ரலில் மண்ணைக் கொட்டும்போது மாற்றப் போகிறோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் செலவு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.