திரும்பி வருகிறவர்களுக்கு ஓரியூர்

ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் புனித அருளானந்தர் திருத்தலத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள், அவர் இரத்தம் சிந்திச் சிவந்ததாக நம்பப்படும் செம்மண்ணையும் நேர்ச்சையையும் சொல்வார்கள். கத்தோலிக்கக் கோயிலை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி உள்ளே வர நினைப்பவருக்கு இந்த இடம் எப்படி என்பதை நான் எழுதுகிறேன். அப்படிப்பட்டவர் முதலில் போகவேண்டியது இங்கேதான்.

நான் பாக் நீரிணைக் கரையில் ஒரு மீனவ ஊரில் பிறந்தவள். ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிப்பூசுதல் எல்லாம் ஊர்க்கோயிலில்தான். அப்பா இறந்தபோது எங்கள் வீடு கட்டவேண்டிய கோயில் திருவிழா வரி பாக்கி இருந்தது. அதைக் கட்டும்வரை துக்கமணி அடிக்கக் கூடாது என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அம்மா காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் மணி அடித்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய நான் அதன்பின் அந்தக் கோயில் படி ஏறவில்லை. என் கோபம் நியாயமானது என்று இன்றும் சொல்வேன். ஆனால் பூசையில் பெறும் இயேசுவின் திருவுடலான நற்கருணை இல்லாமல் வாழ்வது எனக்குப் பொறுக்கவில்லை. இடையில் வேறொரு சபையின் ஜெபக்கூடத்துக்குப் போனேன். அன்பாகத்தான் நடத்தினார்கள். மறுபடி முழுக்கு எடுக்கச் சொன்னபோது நின்றுகொண்டேன். ஞானஸ்நானம் ஒருமுறைதான் என்பது திருச்சபையின் போதனை. நானும் அதை நம்புகிறவள்.

ஊர்க்கோயிலுக்குப் போனால், உட்காருமுன்பே இன்னாரின் மகள் வந்திருக்கிறாள் என்று எல்லாத் தலைகளும் திரும்பும். ஓரியூரில் அந்தத் தொல்லை இல்லை. பல சாதியாரும், இந்துக்களும், பிள்ளை வரம் கேட்பவர்களும் வருகிற இடம். எந்தப் பங்கு (எந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரம்), யார் வீடு என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. பூசை முடிந்தும் வெகுநேரம் உட்கார்ந்து அழ முடிந்தது.

அருளானந்தரும் திரும்பி வந்தவர்தான். 1647-இல் லிஸ்பனில் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு இந்த மக்களோடு வாழ்ந்தவர். 1686-இல் ராமநாதபுரம் சேதுபதிகள் ஆண்ட மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார்கள். பிறகு ஐரோப்பா போனார். போர்த்துகல் மன்னரே அங்கே தங்கிவிடச் சொன்னார். அவரோ 1690-இல் இந்தியாவுக்கு வந்து, மறுபடி மறவர் சீமைக்குள்ளேயே நுழைந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். அடித்து விரட்டிய சீமைக்கே ஒருவர் மனமுவந்து வந்திருக்கிறார் என்று அந்த இடத்தில் நின்று நினைத்தபோதுதான் குருவானவரைத் தேடிப் போகும் துணிச்சல் எனக்கு வந்தது.

குருவானவர் முழுவதையும் கேட்டார். வரி விஷயத்தில் ஊராருக்காக வக்காலத்து வாங்கவில்லை. அதற்காகவே அவரை மதிக்கிறேன். எங்களுடையது பதிவுத் திருமணம், கணவர் இந்து. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் திருமணத்தைச் சரிசெய்ய வேண்டும், அதை என் வீடு இருக்கும் பங்கில்தான் செய்ய முடியும் என்று தெளிவாகச் சொன்னார். கணவர் மதம் மாறத் தேவையில்லை. ஆயரின் அனுமதி வேண்டும். பிள்ளைகளைத் திருச்சபையில் வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். கணவருக்கு அதைத் தெரியப்படுத்தினார்கள், அவரிடம் எந்த வாக்கும் கேட்கவில்லை. புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழுக்காக மட்டும் ஊர்க்கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. பதிவேட்டில் என் பெயர் அடிபடாமல் அப்படியே இருந்தது.

எல்லாம் முடிந்து, பாவசங்கீர்த்தனத்துக்கு ஓரியூருக்கே வந்தேன். பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் பாதியில் மறந்துபோனது. குருவானவர் வரிவரியாகச் சொல்லித்தர, நான் சொன்னேன்.

வாரந்தோறும் பூசைக்கு இப்போது ராமநாதபுரத்தில் என் பங்குக்கோயில்தான். நோயில் எண்ணெய் பூசவும், அடக்கம் செய்யவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தரவும் ஒரு பங்கு வேண்டும். திருத்தலத்தோடு நின்றுவிட வேண்டாம்.

பிப்ரவரித் திருவிழாவை ஒட்டிப் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் குருவானவரோடு பேச முடியாது. சாதாரண வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள். தொண்டி, திருவாடானைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் திரும்பும் நேரத்தை நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நீளும்.