எதையும் பன்னிரண்டால் வகுக்கும் பட்ஜெட் மென்பொருள்

இன்னொரு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் இருக்கும் நண்பர் கேட்டார்: "நீங்கள் வைத்திருக்கும் அதே பட்ஜெட் மென்பொருளை வாங்கலாம் என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. தள்ளுபடியும் தருகிறார்களாம். எப்படி இருக்கிறது?" அவரிடம் போனில் பொரிந்து தள்ளியதைச் சற்று நிதானமாக இங்கே எழுதுகிறேன். அது என்னவெல்லாம் செய்யும் என்பது விற்பனையாளரின் கையேட்டிலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை.

என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். ஆண்டுத் தொகையை உள்ளிட்டால் அதைப் பன்னிரண்டு சம பங்காக்கிவிடும். வாடகைக்கும் சம்பளத்துக்கும் அது பொருந்தும். பல்கலைக்கழகத்தின் வருமானம் அப்படியா வருகிறது? கல்விக் கட்டணம் இரண்டு பருவங்களின் தொடக்கத்தில் மொத்தமாக வந்து விழும். மற்ற மாதங்களில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆண்டுக்கு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளின் கணக்கில் மாதம் 10. நடப்பில் இரண்டு மாதங்களில் 60, 60. மீதிப் பத்து மாதமும் அறிக்கையில் சிவப்பு. மாதம் தவறாமல் ஏதாவது ஒரு புலத்தலைவர் அழைத்து, "வசூல் இவ்வளவு மோசமா?" என்பார். ஒன்றும் ஆகவில்லை என்று விளக்குவதே ஒரு தனி வேலை.

மாதவாரி விகிதத்தை நாமே அமைக்க முடியாதா என்றால், முடியும். அமைத்தும் இருக்கிறேன். ஆனால் பட்ஜெட்டை நகலெடுத்துத் திருத்திய மதிப்பீடு (ஆண்டின் நடுவே எண்களைச் சரிசெய்து போடும் பட்ஜெட்) தயாரிக்கும்போது தொகைகள் மட்டும் வரும், விகிதம் வராது. எச்சரிக்கையும் கிடையாது. கல்விக் கட்டணத்துக்கான வரிசையைத் திறந்தால் பதினொரு கட்டங்களில் 8.33 சதவீதம், கூட்டல் நூறாக வேண்டுமே என்று கடைசிக் கட்டத்தில் மட்டும் 8.37. அந்த 0.04-இல் காட்டும் அக்கறையை விகிதத்தில் காட்டியிருக்கலாம். உதவிக் குழுவுக்கு எழுதினால், "வடிவமைத்தபடிதான் இயங்குகிறது" என்று பதில் வரும். வடிவமைத்தவர் தேர்வுக் கட்டணமே கட்டியதில்லை போலிருக்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். இதற்கு முன்பு எல்லாம் எக்செல் கோப்புகள். சூத்திரம் சில வரிகளை விட்டுவிட்டுக் கூட்டினாலும் யார் கண்ணிலும் படாது. 2010-இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் வெளியிட்ட அரசுக் கடன் ஆய்வில், சராசரி எடுத்த சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் கோப்பை வாங்கிப் பார்த்து, அது வெளியே தெரிய 2013 ஆகிவிட்டது. உலகம் படித்த ஆய்வுக்கே அந்த நிலை என்றால், துறை அலுவலகத்திலிருந்து அவசரமாக அனுப்பப்படும் கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மென்பொருளில் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்பது வந்துவிடும். பரிசு வழங்க என்று வந்த அறக்கட்டளைப் பணத்தை மின்கட்டணத்துக்குத் திருப்பப் பார்த்தால் தடுத்தும் விடும்.

நான் எதிர்பாராத ஒன்று, மாணவர் எண்ணிக்கைப் பகுதி. முதலாண்டில் 2,000 பேர். இரண்டாம் ஆண்டுக்குத் தொடர்பவர்கள் 90 சதவீதத்திலிருந்து 88 ஆனால் 40 பேர் குறைவு. அவர்கள் மூன்றாம், நான்காம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டப்போவதில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் சேரும் மாணவர்களிலும் இதே கசிவு என்றால் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 120 இருக்கைகள் காலி. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் இத்தனையும் திரையில் வரிசையாக இறங்குகிறது. பட்ஜெட் கூட்டத்தில் மாணவர் ஆலோசனைப் பிரிவில் ஆளைக் குறைக்கச் சொன்ன உறுப்பினரே, அதைப் பார்த்ததும் இன்னும் இருவரைப் போடலாம் என்றார். எக்செல்லிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்ய முடியாது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் வரும். நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு ஏன்?" என்றார். சேர்க்கைக் காலத்தில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றிருப்பேன். அவர் கேட்டது திருத்திய மதிப்பீட்டு வாரத்தில்; நான் விகிதங்களை வரி வரியாகத் திரும்ப உள்ளிட்டுக்கொண்டிருக்கிறேன், விடுதிக் கட்டணத்துக்கு இன்னும் வரவே இல்லை.