அரச வேலை என்று சொல்லி நாலரை இலட்சம் எடுத்துவிட்டார்கள்: மலையகப் பெற்றோர் தயவுசெய்து வாசியுங்கள்

நாலரை இலட்சம் ரூபா. 450,000. என் அம்மா வாழ்க்கை முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்துச் சேர்த்த சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும், போதாததற்கு என் சங்கிலியை அடகு வைத்த காசும் சேர்ந்தது அது. தம்பிக்கு அரச வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அதை எடுத்தவர் ஒரு கட்சியின் அமைப்பாளர். இன்று காலை அந்தக் கட்சியின் தலைமைக் காரியாலயத்தில் இருந்து பதில் வந்தது: "அந்த நபருக்கும் கட்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை." வயிறு எரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்சியின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு போயிருக்கிறது, இப்போதைக்குப் பெயர் போட வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லிவிட்டார். தோட்டத்தில் தொழிற்சங்கமும் வைத்துக்கொண்டு, தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளரும் நிறுத்துகிற கட்சி. டவுனில் கிளைக் காரியாலயம் உண்டு. அது போதும்.

தம்பி ஏ.எல். முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் கொஞ்சக் காலம் நின்றான். காலை முதல் இரவு வரை நின்றே இருக்க வேண்டும், தங்குவதற்கு ஒரு அறையில் பத்துப் பேர். காய்ச்சலோடு திரும்பி வந்தவன் மறுபடி போகவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரச வேலை என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மாதம் பிறந்தால் சம்பளம், வயது போனால் பென்சன், பேங்கில் கடன் கேட்டால் உட்காரச் சொல்வார்கள். லயத்துக் காம்பராவை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையை, விட்டு ஒரு குடும்பம் வெளியே வருவதற்கு அது ஒரு வழி. தம்பிக்கு அலுவலக உதவியாளர் வேலை, அதாவது கே.கே.எஸ். வேலை, கிடைத்தாலே போதும் என்றுதான் அம்மா நினைத்தார்.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவைக்கு 30,000 பேரை எடுக்கப் பணம் ஒதுக்கியதாகச் செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். அந்தச் செய்தி உண்மை. அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இவர் லயம் லயமாக வந்தார். "யார் ஆட்சிக்கு வந்தாலும் மலையகத்துக்குன்னு ஒரு கோட்டா இருக்கு, அது நம்ம தலைவர் கையில" என்றார்.

ஆள் ஊருக்குப் புதியவர் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு செய்தவர். மண் சரிந்து பின் லயத்துக் கூரை போனபோது தகரம் இறக்கியவர். தோட்டத்தில் யார் செத்தாலும் முதலில் வந்து நிற்கிற வாகனம் அவருடையது, கண்ணாடியில் கட்சிக் கொடியோடு.

எங்கள் காம்பராவில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டார். "சேர், நம்ம பையன் ஒருத்தன், ஏ.எல். செஞ்சிருக்கான்." மறுபக்கத்தில் இருந்து, "லிஸ்ட்ல இன்னும் ரெண்டு இடம்தான் இருக்கு, நாளைக்குள்ள பெயரைக் குடுங்க" என்று ஒரு குரல். அம்மா அந்தப் போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அது யாருடைய குரல் என்று இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு நீலப் பைலைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு விண்ணப்பத்தின் மூலையிலும் பாஸ்போட் அளவுப் படம் பின் அடித்திருந்தது. புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். மேல் டிவிசன் பையன், எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவன். "இவனுக்குச் சரிவந்திருச்சு, அடுத்த மாசம் வேலைக்குப் போறான்." அந்தப் படத்தைப் பார்த்ததும்தான் வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. தெரிந்த முகத்தைக் காட்டித்தான் இவர்கள் பிடிக்கிறார்கள். அந்தப் பையனின் வீட்டில் தம்பியின் படத்தைக் காட்டியிருக்கிறார் என்று பிறகு தெரியவந்தது.

"அக்கா, இது லஞ்சம் இல்ல. பைல் நகர்றதுக்கு மேல ஆகிற செலவு. வேலை சரிவரலன்னா ஒரு சதம் குறையாமத் திருப்பித் தர்றேன். கட்சி இருக்கு, நான் எங்க ஓடப்போறேன்?" என்றார் அம்மாவிடம்.

முதலில் இரண்டரை இலட்சம். கிளைக் காரியாலயத்தில், தலைவரின் பெரிய படத்துக்குக் கீழே உள்ள மேசையில் வைத்துத்தான் கொடுத்தோம். அங்கே இருந்த பிள்ளை ஒரு சீ.ஆர். கொப்பியில் தம்பியின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டாள். தொகையை எழுதவில்லை. நான் ரசீது கேட்டேன். "கட்சி ஆபீஸ்ல வெச்சுக் குடுக்கிறீங்க தங்கச்சி, இதைவிட என்ன ரசீது?" என்றார். பேங்கில் போடுகிறோம் என்றதற்கு, "வேணாம், கணக்கில வந்தா மேல உள்ளவங்களுக்குப் பிரச்சினை" என்றார்.

பிறகு "நேர்முகப் பரீட்சை". நுவரெலியாவில் ஒரு தங்குவிடுதி மண்டபம். டை கட்டிய ஒருவர் சிங்களத்தில் நாலு கேள்வி கேட்டார், சான்றிதழ்களின் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்கே மீதி இரண்டு இலட்சம். ஆக, நாலரை இலட்சம்.

கடிதமும் வந்தது. அரச இலச்சினை, மூன்று மொழியிலும் தலைப்பு, இரப்பர் முத்திரை. அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன் வைத்து விளக்கேற்றினார். குறித்த தேதியில் தம்பி புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு அந்தக் காரியாலயத்துக்குப் போனான். அங்கிருந்த நிருவாக உத்தியோகத்தர் நல்ல மனுசி, இவனை உட்காரவைத்துத்தான் பேசினார். அப்படி ஒரு வெற்றிடமே தங்களிடம் இல்லை, இது தங்கள் கோப்பு இலக்கமும் இல்லை என்றார். மேல் டிவிசன் பையனின் கடிதத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே கோப்பு இலக்கம், ஒரே திகதி. பெயர் மட்டும்தான் வேறு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் காசு போனதை விடக் கொதிப்பாக இருக்கிறது.

முதலில் போனை எடுத்தார். "மிஸ்டேக் ஆகிப்போச்சு, வேற டிப்பார்ட்மென்ட்டுக்கு மாத்தித் தர்றேன்." அப்புறம், "உள்ளூராட்சித் தேர்தல் வருதுல்ல, முடியட்டும்." 2025 மே 6ஆம் திகதி தேர்தலும் முடிந்தது. "புது சேர்குலர் வந்திருக்கு, எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாங்க." அப்புறம் "மீட்டிங்ல இருக்கேன்." அப்புறம் எங்கள் நம்பரையே புளொக் பண்ணிவிட்டார். வேறு நம்பரில் இருந்து எடுத்தபோது பேசிய தொனியே வேறு: "காசு குடுத்தவங்களும் குற்றவாளிதான், தெரியுமா? நீங்களும் உள்ள போவீங்க." அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

கிளைக் காரியாலயத்துக்குப் போனோம். அதே மேசை, அதே பிள்ளை. சீ.ஆர். கொப்பியைக் கேட்டதற்கு, "அது பழசு, இங்க இல்ல" என்றாள். பொறுப்பாளர் வந்தார். "அவர் அமைப்பாளர் இல்லையே, ஆதரவாளர்தான்" என்றார். அவர் பேசிக்கொண்டு இருக்கும்போதே அவருக்குப் பின்னால் சுவரில் அந்த ஆள் தலைவருக்கு மாலை போடுகிற படம் தொங்குகிறது. கீழே "தொகுதி அமைப்பாளர்" என்று அச்சடித்திருக்கிறது. நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் ஆணி மட்டும்தான் இருந்தது.

தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்பியிருப்பதாகப் போனில் சொன்னார்கள். குழுவில் யார் இருக்கிறார்கள், எங்களை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. யாரும் எங்களை ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. இன்று காலை கடைசிப் பதில்: தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுத்த நிருவாகிகள் பட்டியலில் அவர் பெயர் இல்லையாம், அதனால் கட்சிக்குப் பொறுப்பு இல்லையாம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி தன் யாப்பையும் நிருவாகிகள் பட்டியலையும் கணக்கறிக்கையையும் ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் லயத்து வாசலுக்கு வருவது அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் இல்லையே! வாக்குக் கேட்டு வந்தவர் இவர். மேடையில் பக்கத்தில் நிற்கவைத்துப் பொன்னாடை போர்த்தியது இவருக்கு. அம்மாவின் சம்பளத்தில் மாதா மாதம் சங்கச் சந்தா வெட்டினார்களே, அதற்கு மட்டும் எங்கள் பெயர் ஒன்று விடாமல் பட்டியலில் இருந்ததே!

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். தமிழ் தெரிந்தவர் அன்று இல்லை என்று சிங்களத்திலேயே எழுதினார்கள். அம்பகமுவ, நுவரெலியா மாதிரிப் பிரிவுகளை 1999ஆம் ஆண்டிலேயே சிங்களம், தமிழ் என்று இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்தாயிற்று, இன்னமும் இந்த நிலைமை. தெரிந்த ஒருவரிடம் பிரதியைக் காட்டி வாசிக்கச் சொன்னால், "கடன் கொடுக்கல் வாங்கல் தகராறு" என்று எழுதியிருக்கிறது! அதனால் சமரசம் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்கு அனுப்பப் பார்த்தார்கள். போலி நியமனக் கடிதம் கையில் இருக்கிறது, இது எப்படிக் கடன் தகராறு ஆகும்? சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போய் மோசடி, போலி ஆவணம் என்று மறுபடி எழுதவைத்தோம்.

அந்த டை கட்டியவரையும் கண்டுபிடித்துவிட்டோம். உண்மையாகவே ஒரு அரச காரியாலயத்தில் வேலை செய்கிறவர்தான். அவருடைய திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதி, அது என்ன ஆனது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டேன். "ஆரம்ப விசாரணை நடைபெறுகிறது" என்று ஒரு வரிப் பதில். அதற்குள் ஆளுக்கு வேறு மாவட்டத்துக்கு இடமாற்றம். அரச ஊழியர் தவறு செய்தால் ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், முறையான ஒழுக்காற்று விசாரணை என்று அரச ஊழியர்களுக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின் 48ஆம் அத்தியாயத்தில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்கள். இடமாற்றம் என்ன தண்டனை? புது ஊரில் புது ஆட்களிடம் வாங்குவார், அவ்வளவுதான்.

2024இல் தோட்ட நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் பார்த்தாலே நாலரை இலட்சம் என்பது 333 நாள் சம்பளம். மழையில் நனைந்து, அட்டைக் கடி வாங்கி, கிலோ குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று சொல்லக் கேட்டு, ஒரு சதம் கூடச் செலவழிக்காமல் வைத்திருந்தால்தான் அது. அம்மா உழைத்த காலத்தில் பெரும்பகுதி 1,350உம் இல்லை. 1,000 ரூபா வந்ததே 2021இல்தான்.

என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

அரச வேலை வெற்றிடம் என்றால் வெள்ளிக்கிழமை வர்த்தமானியிலோ அந்தத் திணைக்களத்தின் அறிவித்தலிலோ இருக்க வேண்டும். தமிழிலும் வரும், நூலகத்தில் பார்க்கலாம். பரீட்சைக் கட்டணம் இருந்தால் அதற்கும் ரசீது உண்டு. கட்சிக் காரியாலயத்திலோ தங்குவிடுதியிலோ நேர்முகப் பரீட்சை என்றால் போகாதீர்கள். கடிதம் கைக்கு வந்தால் காசு கொடுக்கும் முன் அந்தக் காரியாலயத்துக்கு நேரில் போய்க் கோப்பு இலக்கத்தைக் காட்டிக் கேளுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், வட்ஸ்அப் குரல் பதிவு, படம், கடிதத்தின் உறை எதையும் அழிக்காதீர்கள். பொலிஸில் எழுதியதைத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் தகவல் கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பும் உண்டு. "நீங்களும் உள்ள போவீங்க" என்று மிரட்டினால் அதையும் பதிவு செய்து கொடுங்கள்.

எங்கள் கடிதம் நாளைக்கு ஆணைக்குழுவுக்குப் போகிறது. மேல் டிவிசன் பையனின் வீட்டாரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அதே ஆள் இப்போது பண்டாரவளைப் பக்கம் அதே நீலப் பைலோடு திரிவதாகக் கேள்வி. உங்களிடம் வந்திருந்தால், உங்கள் வீட்டிலும் அதே கோப்பு இலக்கத்தில் கடிதம் இருந்தால், எனக்கு எழுதுங்கள். கடிதத்தின் தெளிவான படம் ஒன்றும் அனுப்புங்கள், எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.