பைக்கில் டிரோன்: நாலு வருஷத்தில் தேறியதும் தேறாததும்

டிரோன் வாங்கியபோது எனக்கிருந்த ஒரே பயம், பைக் சாய்ந்தால் அது நொறுங்கிவிடுமே என்பதுதான். இந்த நாலு வருஷத்தில் பைக் இரண்டு தடவை சாய்ந்தது. இரண்டு தடவையும் டிரோனில் ஒரு கீறல் இல்லை. அதற்கு வந்த பெரிய சேதம் பைக் நிமிர்ந்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது.

என்னிடம் இருப்பது கையகல மடக்கு டிரோன், எடை 249 கிராம். பல நாடுகளில் 250 கிராமுக்குக் கீழே என்றால் விதிமுறைகள் கொஞ்சம் தளர்வு. அதற்காகத்தான் அந்த வகையை எடுத்தேன். கூடவே கன்ட்ரோலர், மூன்று பேட்டரி, உதிரி இறக்கைகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். எங்கே வைப்பது என்பதில் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதல் வருஷம் டாப் பாக்ஸ்தான், அதாவது சீட்டுக்குப் பின்னால் மாட்டும் பெட்டி. பூட்டு இருக்கிறது, மழை புகாது, வேறென்ன வேண்டும்? ஃபோம் வெட்டி டிரோனுக்கு அச்சாக ஒரு குழி செய்து வைத்தேன். ஒருநாள் ஜல்லி பெயர்ந்து அலை அலையாகக் கிடந்த பாதையில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், ஃபோம் முழுக்கக் கறுப்புப் பொடி. டிரோனின் கை ஃபோமில் உரசிய இடத்தில் சாம்பல் நிற பிளாஸ்டிக் தேய்ந்து பளபளவென்றிருந்தது. அந்தப் பொடி மோட்டார் இடுக்குகளுக்குள்ளும் போயிருந்தது. கேமராவைப் பிடித்திருக்கும் கவசம் ஒரு பக்கம் கழன்று, கேமரா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பறந்தது. ஆனால் வீடியோவில் படம் கூழ் மாதிரி நடுங்கியது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலை டிரோனின் உடம்போடு சேர்த்துத் தாங்கும் சின்ன ரப்பர் குமிழ்களில் ஒன்று அதன் துளையை விட்டு வெளியே வந்திருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். ட்வீஸர் முனையால் நுனியைப் பிடித்து இழுத்து மறுபடி உட்கார வைக்க அரை மணி நேரம் ஆனது. நடுக்கம் போய்விட்டது. ஆனால் ஆறு மாதம் கழித்து கிம்பலின் ரிப்பன் கேபிள் போய், சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கும் அந்தப் பெட்டிதான் காரணம் என்பது என் சந்தேகம்.

டாப் பாக்ஸ் பின்சக்கர அச்சையும் தாண்டிப் பின்னால் தொங்குகிறது. சீசா பலகையின் நுனியில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி, பைக்கின் ஒவ்வொரு தூக்கலும் அங்கேதான் அதிகமாகத் தெரியும். ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால் பெட்டி படும் பாடு அவருக்குத் தெரிவதில்லை. கிம்பலுக்கோ மின்சாரம் இருந்தால்தான் முதுகெலும்பு. ஆஃப் செய்துவிட்டால் கேமரா மூன்று திசையிலும் தளதளவென்று ஆடும்.

ஃபோன் விஷயத்தில் இதை ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. சக்தி கூடிய பைக் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஐஃபோனுக்குப் போனால், படத்தை ஆடாமல் நிறுத்தும் அமைப்பும் ஆட்டோஃபோகஸும் கெடலாம் என்று 2021 செப்டம்பரில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார்கள். ஃபோனில் அசைவது துளி லென்ஸோ சென்சாரோதான். டிரோனில் முழுக் கேமராவும் அல்லவா தொங்குகிறது!

சரி, பெட்டி வேண்டாம் என்று பேக்பேக்குக்கு மாறினேன். டிரோனைப் பொறுத்தவரை இதைவிட நல்ல இடம் கிடையாது. சீட், இடுப்பு, முதுகு என்று நம் உடம்பே ஒரு சஸ்பென்ஷன். ஒரு வருஷம் அப்படியே ஓட்டினேன், டிரோனுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் கெட்டியான ஒரு பொருளை முதுகெலும்பை ஒட்டிக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறோம். மல்லாந்து விழுந்தால் முழு எடையோடும் அதன் மேல்தான் விழுவோம். பைக் முதல் தடவை சாய்ந்தபோது நான் பக்கவாட்டில் விழுந்ததால் பிழைத்தேன். எழுந்து முதலில் பையைத் தடவிப் பார்த்தேன், அப்புறம்தான் முழங்கையைப் பார்த்தேன். அந்த வரிசையே தப்பு என்று உறைத்தது. அன்றோடு பேக்பேக்கில் கெட்டியான எதையும் வைப்பதில்லை.

டேங்க் பேக்கில் வைத்தது ஒரே ஒரு பயணம். காந்தம் வைத்து டேங்க்கில் ஒட்டும் ரகம் அது. பறக்கவிடப் போனால், டிரோனுக்குத் திசை காட்டும் காம்பஸ் காந்தத்தால் குழம்பி, அதைச் சீராக்கும் கேலிபரேஷனைக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவழியாகச் செய்து ஏற்றினால், ஒரே இடத்தில் நிற்காமல் வடிகாலில் தண்ணீர் சுழன்று இறங்குகிற மாதிரி வட்டமடித்தது. பதறிப்போய் இறக்கிவிட்டேன். பைக்குக்குப் பக்கத்திலேயே இருந்து கிளப்பியதும் ஒரு தப்பு. இப்போது இரும்பு, காந்தம் எதுவாக இருந்தாலும் பத்துப் பதினைந்து அடியாவது தள்ளிப்போய்த்தான் கிளப்புகிறேன்.

கடைசியாகக் குடிவந்த இடம் பின் சீட். பஞ்சு வைத்த சீட், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், என் முதுகுக்குச் சற்றுப் பின்னால். ஒரு துணிப் பை, அதன் அடியில் மடித்த ஸ்வெட்டர், அதன்மேல் டிரோனோடு வந்த கெட்டிப் பெட்டி, சுற்றிலும் மாற்றுத் துணி. டிரோனை முதலில் ஒரு வழவழப்பான துணி உறையில் போட்டுவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்கிறேன். அதன்பிறகு கறுப்புப் பொடியைப் பார்க்கவே இல்லை. கேமரா கவசத்தின் மேல் ஒரு ரப்பர் பேண்ட். கேவலமாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று வருஷமாக ஒரு தடவைகூடக் கவசம் கழலவில்லை. பையைக் கட்ட எலாஸ்டிக் கொக்கிக் கயிறு வேண்டவே வேண்டாம். குலுங்கக் குலுங்க அது நீண்டு கொடுக்கும். பக்கிள் வைத்த பட்டை ஸ்ட்ராப் இரண்டு போட்டு, கிளம்பிய இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிவிட்டால் போதும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் இந்த ஏற்பாடு செல்லாது. அப்போது டிரோன் அவர் மடிக்கும் என் முதுகுக்கும் நடுவில் ஒரு சின்னப் பையில் வரும். வேண்டாவெறுப்பாகத்தான் ஒத்துக்கொள்வார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கோமாளித்தனமும் நடந்தது. ரிப்பேருக்குச் செலவழித்த எரிச்சலில் உறை, பெட்டி, நீர் புகாத பை, அதற்கு மேல் மழைக்கவசம் என்று நாலு அடுக்கில் கட்டினேன். அந்தப் பயணம் முழுக்க டிரோன் பத்திரமாக இருந்தது. வெளியே எடுத்தால்தானே பத்திரத்துக்குப் பங்கம் வரும்? ஒவ்வொரு வளைவிலும் நல்ல காட்சி, ஒவ்வொரு தடவையும் "அடுத்த இடத்தில் பார்க்கலாம்". ஆறு நாளில் ஒரு நிமிஷ வீடியோகூட இல்லை. இப்போது ஒரு ஜிப், ஒரு மூடி. ஹெல்மெட்டைக் கழற்றும் நேரத்தில் டிரோன் கையில் இருக்க வேண்டும்.

பேட்டரிக்கு எதிரி சூடு. வெயிலில் நிறுத்திய பைக்கின் கறுப்புப் பெட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள், புரியும். இந்த வகை டிரோன்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ். மூடிய பெட்டி அதை எளிதாகத் தாண்டும். டாப் பாக்ஸ் காலத்தில் முழு சார்ஜோடு வெயிலில் கிடந்த ஒரு பேட்டரி, ஒருநாள் டிரோனுக்குள் போக மறுத்தது. மேஜைமேல் வைத்தால் தொட்டில் மாதிரி லேசாக ஆடியது. வயிறு உப்பிவிட்டது. உப்பிய லித்தியம் பேட்டரியை அமுக்கி உள்ளே தள்ளக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். இரண்டு மூன்று நாள் பறக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால்தான் வினை. சைலன்ஸர் இருக்கும் பக்கத்துப் பையில் பேட்டரி வைக்கவே கூடாது.

பைக்கின் யூஎஸ்பியில் சார்ஜ் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம்தான். சாதாரண சாக்கெட் தருவது 10 வாட், சின்ன டிரோனின் பேட்டரி ஏறக்குறைய 17 வாட்-அவர். இழப்பையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் வெயிலில், குலுங்கிக்கொண்டே. நான் ராத்திரி தங்கும் இடத்தில்தான் போடுகிறேன்.

குளிர்ந்த மலையிலிருந்து புழுக்கமான சமவெளிக்கு இறங்கியதும் பெட்டியைத் திறந்தால் லென்ஸில் பனி படரும். அரை மணி நேரம் மூடியே வைத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும். மழையைப் பற்றி சொல்ல ஒன்றுமில்லை, நீர் புகாத பை இருந்தால் போதும்.

தூசிதான் இன்னும் முழுசாகத் தீராத தொல்லை. மோட்டாருக்குள் காந்தம் இருப்பதால் மண்ணில் கலந்த இரும்புத் துகள் போய் ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் வராது. சாலையோர மண்ணிலிருந்து கிளப்பினால் இறக்கைக் காற்றே புழுதியை வாரிக் கேமராவின் மேல் இறைக்கும். மடித்த ரெயின்கோட்டைத் தட்டையாக விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, அதன்மேல் வைத்துக் கிளப்புகிறேன். கல் வைக்க மறந்த ஒருநாள் ரெயின்கோட்டும் கூடவே எழும்பியது. இறக்கை ஒன்று போயிற்று.

பயணம் முடிந்து வந்ததும் இறக்கைகளை ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பார்ப்பேன், ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு மோட்டாரையும் கையால் சுற்றி, காதருகே வைத்துக் கேட்பேன். கரகரப்பு இருந்தால் உள்ளே மண் இருக்கிறது.

இன்றைய நிலவரம்: ஒரு கிம்பல் ரிப்பேர், ஒரு பேட்டரி, இரண்டு செட் இறக்கை. கன்ட்ரோலரின் இடது குச்சியைக் கழற்றி ஜாக்கெட் பையில் போட்டதில் எங்கோ விழுந்துவிட்டது, இப்போது ஓடுவது உதிரிக் குச்சியில். வலது முன்கை மடங்கும் கீலில் மட்டும் கொஞ்சம் ஆட்டம் தெரிகிறது. போன மாதம் இருந்ததைவிடக் கூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் ஆட்டிப் பார்க்கிறேன். அப்படி ஆட்டிப் பார்த்தே அதைத் தளர்த்திக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.