ஓகே கம்ப்யூட்டரா, கிட் ஏ-யா?

ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் இந்த இரண்டு ஆல்பங்களில் எது உயர்ந்தது என்று கேட்டால், நாளுக்கு ஒரு பதில் சொல்லக்கூடியவன் நான். ஆனாலும் தராசுத் தட்டு ஒரு பக்கம் தாழ்ந்தே இருக்கிறது.

1997இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ முதல் தடவையிலேயே ஆளைப் பிடித்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதி, இங்கிலாந்தின் பாத் நகருக்கு அருகிலுள்ள ஒரு பழைய மாளிகையில் பதிவானது. ‘எக்ஸிட் மியூசிக்’ பாடலில் குழுவின் பாடகர் தாம் யார்க்கின் குரலைச் சூழ்ந்திருக்கும் எதிரொலி, அந்த வீட்டின் கல் படிக்கட்டு தந்தது. முதலில் கிட்டாரும் குரலும் மட்டும். வெகுநேரம் கழித்துத்தான் டிரம்ஸ் நுழைகிறது. அந்த இடத்தில் இன்றும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

2000இல் வந்த ‘கிட் ஏ’ அப்படி இணங்கி வராது. கிட்டாரைத் தேடிப் போன எனக்குச் சின்தசைசரும் வெட்டி ஒட்டிய குரலும்தான் கிடைத்தன. எரிச்சலில் பாதியிலேயே நிறுத்தினேன். ஒரு பாட்டைக்கூடத் தனியாக, சிங்கிளாக வெளியிடாமலே அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, நான்தான் தாமதம்.

என்னை வளைத்தது அதிலுள்ள ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ என்ற பாடல். குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் வாசிக்கும் ஓந்த் மார்தெனோ என்ற பழைய மின்கருவி, தூரத்தில் யாரோ விம்முவதுபோல் வளைந்து வளைந்து ஒலிக்கும். அடியில் வயலின்கள் மெல்லச் சுருதி பிசகும்.

நண்பர்களுக்கு முதலாவதைத்தான் கொடுக்கிறேன். தூக்கம் வராத இரவுகளில் நான் போட்டுக்கொள்வது இரண்டாவதை.